டெலஸ்கோப்பா, குடும்பமா: ஆறு வழிகளும் அவற்றின் காலைக் கணக்கும்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்குத் தை மாதம் கல்யாணம். கையில் இருக்கும் எட்டு அங்குல டாப்சோனியனை, அதாவது தரையில் நிற்கும் பெரிய குழாய் டெலஸ்கோப்பை, விற்றுவிடலாமா என்கிறார். இன்னொருவர் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. மாதம் ஒருமுறை மலைக்குப் போய் வந்தால் அடுத்த இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையாம். மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. "அவர் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிரிக்கெட் பார்த்தா பொழுதுபோக்கு, நான் மாடிக்குப் போனா கிறுக்கு" என்றார்.

நான் இருப்பது வேலூரில். வானம் பார்க்கத் தொடங்கிப் பதினாறு வருஷம், கல்யாணம் ஆகிப் பதிமூன்று. இரண்டு பெண்கள், கூடவே அம்மா. கீழே வரும் ஆறு வழிகளில் ஐந்தை நானே செய்து பார்த்திருக்கிறேன். அதில் மூன்றுக்கு நன்றாகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் முதலில் பணத்தைத்தான் சொல்வார்கள். எட்டு அங்குல டெலஸ்கோப் அரை லட்ச ரூபாயை ஒட்டி வரும். அதன் பிறகு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), ஃபில்டர் என்று வால் நீளும். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் நான் பார்த்த வரையில் சண்டை வருவது பில்லைப் பார்த்து இல்லை, காலை ஆறரை மணிக்கு.

பால் பாக்கெட்டை எடுத்து அடுப்பில் வைக்க வேண்டும். சின்னவளின் ஷூ ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்கும். டிபன் பாக்ஸ் மூடி கிடைக்காது. வேன் ஆறேமுக்காலுக்கு வந்து ஹாரன் அடிக்கும். அந்த நேரத்தில் ராத்திரி முழித்த ஆள் போர்வைக்குள் கிடப்பான். ராத்திரியை எடுத்துக்கொண்டது அவன். அதற்கு விலையாகக் காலையைக் கொடுப்பது இன்னொருவர். எனக்கு இது உறைக்க ஐந்து வருஷம் ஆனது. அதுவரை "மாசத்துல ஒரு ராத்திரிதானே" என்றுதான் வாதாடிக் கொண்டிருந்தேன்.

அதனால் என் முதல் அளவுகோல் மறுநாள் காலை யார் தலையில் விழுகிறது என்பதே. மற்றவை இவை:

- நாளை முன்கூட்டிச் சொல்ல முடியுமா, மேகம் வந்தால் எவ்வளவு வீணாகும்
- உண்மையில் என்ன தெரியும்
- வீட்டில் உள்ளவர்கள் விரும்பினால் வந்து நிற்க இடம் உண்டா
- பத்திரமா, அவசரம் என்றால் போன் எட்டுமா
- பணம், கண்ணுக்குத் தெரியாத செலவும் சேர்த்து

## அமாவாசையைக் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள்

வழிகளுக்குள் போகும் முன் ஒரு விஷயம். பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

நமக்கு அமாவாசை என்றால் இருட்டு வானம். வீட்டில் அமாவாசை என்றால் தர்ப்பணம், வாழைக்காய்ப் பொரியல், காக்கைக்குச் சோறு. தை, ஆடி, மகாளயம் மூன்றும் விட முடியாதவை. தீபாவளியும் அமாவாசையை ஒட்டியே வரும். அன்று வானம் முழுக்கப் புகை. "அமாவாசை ராத்திரில காட்டுக்குப் போறவன் எவண்டா?" என்று என் அம்மா கேட்டதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அன்றைக்கேதான் போக வேண்டுமா? நிலா நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிஷம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமிக்குப் பிறகு தேய்பிறைப் பஞ்சமி வந்தால் அது உதிக்க ராத்திரி பத்தாகிவிடும். அன்றிலிருந்து அமாவாசை தாண்டித் திரிதியை வரை முன்னிரவு இருட்டு நமக்கு உண்டு. வளர்பிறையில் இது தலைகீழ். தசமியன்று நிலா சுமார் இரண்டு மணிக்கு மறைந்துவிடும். ஆக அமாவாசை முதல் தசமி வரை விடியற்காலை இருட்டு. இரண்டையும் சேர்த்தால் மாதத்தில் இருபது நாளுக்கு மேல், ஏதோ ஒரு நேரத்தில் நிலா இல்லாத வானம் கிடைக்கிறது. நாள்காட்டியில் திதி அச்சிட்டே தருகிறார்கள். இதற்கு ஆப் கூட வேண்டாம்.

இன்னொரு வசதியும் நமக்கு இருக்கிறது. இந்த அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு வந்துவிடும். கோடையிலும் ஏழே முக்கால், எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கலாம். லண்டன்காரனுக்கு ஜூன் மாதத்தில் முழு இருட்டே கிடையாது. அங்கே எழுதிய கையேடுகளைப் படித்துவிட்டு "நடுராத்திரிக்கு மேல்தான் வானம்" என்று நாமும் நம்பிக் கொண்டிருக்கிறோம்.

## ஒரு பார்வையில்

| வழி | மறுநாள் காலை | மேகம் வந்தால் | வானத்தின் தரம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| மொட்டைமாடி, முன்னிரவு | பாதிப்பு இல்லை | நஷ்டம் இல்லை | சுமார் | அக்கம் பக்கம், சமையல் நேரம் |
| விடியற்காலை | உங்கள் கையில் | திரும்பப் படுக்கலாம் | மாடியில் கிடைக்கும் சிறந்தது | ராத்திரிப் பேச்சு |
| மலைக்குத் தனியாக அல்லது குழுவாக | மனைவி அல்லது கணவர் தலையில் | முழு நஷ்டம் | மிக நன்று | அவசரத்தில் எட்ட முடியாமை |
| குடும்பத்தோடு மலை | எல்லோரும் தூங்கலாம் | பயணமாவது மிஞ்சும் | நன்று | ஆசையைப் பாதியாகக் குறைப்பது |
| ஸ்மார்ட் டெலஸ்கோப் | பாதிப்பு இல்லை | நஷ்டம் இல்லை | படத்தில் நன்று | கையில் இன்னொரு திரை |
| சில வருஷம் மூடி வைப்பது | பாதிப்பு இல்லை | பொருட்டில்லை | இல்லை | பூஞ்சை |

## மொட்டைமாடி, முன்னிரவு

இருப்பதிலேயே மலிவு இதுதான். இரவுச் சாப்பாடு முடித்து எட்டரைக்கு ஏறினால் பத்துக்கு இறங்கிவிடலாம். நிலா, வியாழன், சனி, இரட்டை நட்சத்திரங்கள், ஒரையன் நெபுலா என்கிற வாயு மேகம் எல்லாம் நகர வெளிச்சத்திலும் தெரியும். கேலக்ஸிகளைக் கேட்காதீர்கள்.

பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து வரை சூட்டைக் கக்கும். அந்த அலையில் வியாழன், கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். சாயங்காலம் ஆறு மணிக்கே மாடியில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஓரளவு அடங்கும். தண்ணீர்க் கஷ்ட மாதத்தில் இதைச் செய்தால் என்ன கேட்க நேரிடும் என்பதையும் அறிவேன்.

மாடி நமக்கு மட்டும் சொந்தமில்லை. கொடிக் கயிறு சரியாகக் கழுத்து உயரத்தில் இருக்கும். ஒரு சித்திரையில், முதல் நாள் பிழிந்து பாதி காய்ந்திருந்த கூழ் வடகத்தை அம்மா ஓரமாக மூடி வைத்திருந்தார். சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியும் தரையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நான் நடந்தது வடகத்தின் மேல் என்று காலுக்கடியில் சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது. அந்த வருஷ வடகத்தை எண்ணெயில் போடும்போதெல்லாம் என் செருப்பு அச்சைத் தேடினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் இதை விட முக்கியம். ராத்திரியில் மாடியில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு ஓர் ஆள் குனிந்து நிற்கிறான். எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. நீங்கள் சனியைப் பார்ப்பதாக அவர்கள் நினைப்பார்களா? டெலஸ்கோப் வாங்கிய முதல் வாரமே தெருவில் நாலு வீட்டாரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டிவிடுங்கள். குழந்தைகள் வந்தால் போதும், பெரியவர்கள் பின்னாலேயே வருவார்கள். நான் இதை மூன்று மாதம் கழித்துச் செய்தேன். அதற்குள் என் மனைவி காய்கறி வண்டியருகே யாருக்கோ பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவமானத்தை அவளை வாங்க வைத்துவிட்டு நான் நட்சத்திரம் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் சேர ஏற்ற இடம் மாடிதான். சின்னவள் ஒரு ரூல்டு நோட்டில் தினமும் வியாழனுக்கு ஒரு வட்டமும் பக்கத்தில் நான்கு புள்ளிகளும் வைத்தாள். எட்டாம் நாள் அவளே, "அப்பா, இது ஒண்ணு ஓடிட்டே இருக்கு, இன்னொண்ணு சோம்பேறி" என்றாள். வியாழனின் நிலாக்களில் வேகமாகச் சுற்றும் அயோவையும் மெதுவாகச் சுற்றும் காலிஸ்டோவையும்தான் சொன்னாள். 1610-ல் கலிலியோ செய்ததும் இந்த நோட்டு வேலைதான்.

இன்னொன்று, அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்துவிட்டு எங்களுக்கும் காட்டினார்கள், காலை பத்தரை மணிக்கு, மண்டபத்துக் கூரையை நோக்கி. "தெரியுதா?" என்றார் சாஸ்திரிகள். "தெரியுது" என்றோம். வைகாசி மாதம் எட்டரை, ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்தில் நிற்கும். அதன் வாலில் நடுவில் இருப்பது வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. வெறுங்கண்ணுக்கே தெரியும். டெலஸ்கோப்பில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். எனக்கும் மனைவிக்கும் அதைப் பார்க்கக் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆனது.

யாருக்கு: பள்ளி வயதுக் குழந்தைகள் இருப்பவர்களுக்கு, சமையல் பொறுப்பு எட்டு மணிக்கே முடிகிற வீட்டுக்கு. எட்டு மணிக்குத்தான் தோசை வார்க்கத் தொடங்கும் வீட்டில் அந்த நேரம் மாடிக்கு ஓடுவதும் ஒருவகைத் தப்பித்தல்தான்.

## விடியற்காலை

என்னைக் கேட்டால், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுதான்.

மூன்றரைக்கு எழுந்தால் ஐந்து வரை நல்ல இருட்டு. கான்கிரீட் ஆறிப்போயிருக்கும், தெருவில் புழுதி அடங்கியிருக்கும், பிம்பம் அசையாமல் நிற்கும். முன்னிரவில் கொதித்த அதே வியாழனில் விடியலில் பட்டைகளை எண்ணலாம். விடியல் வானம் நாலு மாதம் முன்னால் ஓடும் என்பது இன்னொரு லாபம். ஆடி மாதம் முன்னிரவில் தெரிகிற விருச்சிகத்தைப் பங்குனி விடியலிலேயே பார்த்துவிடலாம். அதுவும் மேகம் இல்லாத மாதத்தில். புரட்டாசி விடியலில் கார்த்திகைக் கூட்டம் தலைக்கு நேர் மேலே.

வேலையும் பார்த்துவிட்டு ஐந்தேகாலுக்கு இறங்கினால் காலை உங்களுடையது. நான் இறங்கியதும் டிகாக்ஷன் இறக்குவேன், பாலைக் காய்ச்சுவேன், சின்னவளை எழுப்புவேன். வானம் பார்த்த நாளில் மட்டும் காபி என் கையால் என்று ஆகிவிட்டது. இப்போது வானம் தெளிந்த வாரத்தில் நான் எழுந்திருக்காவிட்டால், "ஏங்க, இன்னிக்கு நட்சத்திரம் இல்லியா?" என்று கேள்வி வருகிறது. கேட்பது நட்சத்திரத்தை இல்லை, காபியை.

செலவு வேறு பக்கத்தில் இருக்கிறது. மூன்றரைக்கு எழ வேண்டுமானால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவி, கதவைப் பூட்டிய பின் பத்திலிருந்து பதினொன்று வரைதான் பல வீடுகளில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிற நேரம். தொடர்ந்து எட்டு நாள் நான் ஒன்பதரைக்குப் படுத்தபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவள் அண்ணன் வீடு வாங்குகிற செய்தியை வேறொருவர் சொல்லித்தான் கேட்டேன். "எப்ப சொல்றது, நீங்கதான் குறட்டை விட்டுட்டிருந்தீங்களே" என்றாள். வாரத்துக்கு இரண்டு விடியலுக்கு மேல் வேண்டாம் என்பது அதன் பிறகு நானே போட்டுக்கொண்ட கட்டு.

அலாரம் சத்தம் ஒரே தடவையில் நிற்க வேண்டும். அதிர்கிற கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு தூங்குவது உத்தமம். குழந்தையை எழுப்பிவிட்டால் அன்றைய வானம் முடிந்தது.

யாருக்குச் சரிப்படாது: ராத்திரி ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு. நெடுந்தூரம் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு. அந்த ஆசிரியைக்கும் சரிப்படாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

## மலைக்குத் தனியாக, அல்லது குழுவாக

இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறி, விளக்கே இல்லாத ஒரு வயல் ஓரத்தில் நின்று, கண் இருட்டுக்குப் பழகும் அரை மணி நேரத்தைக் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சித்திரை மாதம் தெற்கே ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வெறுங்கண்ணுக்கே ஒரு பஞ்சுப் பொட்டாகத் தெரியும். எட்டு அங்குலத்தில் பார்த்தால் கொட்டிய ரவை. வட ஐரோப்பாக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற பொருள், நமக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

பெட்ரோல் போக வர நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம். அது கண்ணுக்குத் தெரிகிற செலவு.

பெரியவள் எல்.கே.ஜி. படித்த வருஷம், தை அமாவாசை. காலையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு மத்தியானமே கிளம்பினேன். வானம் பிரமாதம். விடியற்காலை நாலு மணிக்கு மலை இறங்கி வாணியம்பாடியை நெருங்கும்போது சிக்னல் வந்தது. மிஸ்டு கால் குறுஞ்செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக விழ ஆரம்பித்தன. பதினான்கு. பதினொன்றரைக்குப் பெரியவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டு, இரண்டு மணிக்குத் திரும்பியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை தூங்கிக் கொண்டிருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்ன தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்கிற குரலில். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் மலைக்குப் போகவில்லை.

இப்போது போகிறேன், சில ஏற்பாடுகளோடு. போகிற இடத்தில் சிக்னல் இருக்க வேண்டும், அல்லது அருகில் எட்டக்கூடிய ஒரு வீட்டு எண்ணை மனைவியிடம் கொடுத்திருக்க வேண்டும். உள்ளூரில் வண்டி வைத்திருக்கும் ஒருவர், என் விஷயத்தில் மைத்துனர், அன்று போனைப் பக்கத்தில் வைத்துத் தூங்க ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி மட்டுமே. ஞாயிறு மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகள் முழுக்க என் பொறுப்பு, மனைவி தூங்கலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், என் கண் எரிந்தாலும் சரி. தூக்கக் கலக்கத்தில் மலை இறங்குவது கூடாது. அங்கேயே காரில் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள். ஜவ்வாது மலை சந்தன மரக் கடத்தலுக்குப் பேர் போனது. ராத்திரியில் சாலையோரம் நிற்கிற காரை விசாரிக்கத்தான் செய்வார்கள். தெரிந்தவர் நிலத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பது நல்லது.

மேகத்தைப் பற்றி ஒரு பழைய கதை. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761-ல் அந்த நிகழ்வு நடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில். அடுத்தது 1769-ல் என்பதால் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். புதுச்சேரியில் மேடை கட்டித் தயாராக நின்றார். ஜூன் 4 காலை மேகம் மூடியது. நிகழ்வு முடிந்த பின் வெயில் அடித்தது. 1771-ல் ஊர் திரும்பினால், ஆள் செத்துவிட்டதாக முடிவு கட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட ஏற்பாடு செய்து கொண்டிருந்தார்கள். கல்யாணம் செய்து கொண்டதே அதற்குப் பிறகுதான். புத்திசாலி.

நமக்கு ஒரு ராத்திரிதான் போகும். ஆனால் அந்த ராத்திரிக்காக வீட்டில் சேர்த்து வைத்த நல்ல பெயரும் சேர்ந்து போகும். அதனால் எண்ணிக்கையை நேர்மையாகச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை. ஆனியிலிருந்து புரட்டாசி வரை வானத்தை நம்ப முடியாது. உறுதியாகக் கிடைப்பது ஜனவரியிலிருந்து மே வரை. வருஷத்துக்கு ஐந்தாறு ராத்திரி. "மாசா மாசம் போவேன்" என்று சொல்லிப் பன்னிரண்டுக்கும் சண்டை போட்டு ஆறு போவதை விட, ஆறு என்று சொல்லி ஆறும் போகலாம்.

யாருக்கு: குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டிய வீட்டுக்கு. கல்யாணம் ஆன முதல் வருஷத்தில் இருப்பவர்கள் கூடவே அழைத்துப் போய்விடலாம், குளிருக்கு ஸ்வெட்டர் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டு.

## குடும்பத்தோடு மலை

ஏலகிரியில் ஒரு ராத்திரி தங்கல், அல்லது ஜமுனாமரத்தூர் பக்கம். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் விளையாடி, எட்டிலிருந்து பத்து வரை வானம். மறுநாள் எல்லோரும் எட்டு மணி வரை தூங்கலாம். மலைக்குப் போயும் காலைக் கணக்கே வராத வழி இது ஒன்றுதான்.

காவலூரையும் சேர்த்துக்கொள்ளலாம். வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது, 1986-ல் திறந்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று 1977-ல் தெரிய வந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர். வீட்டில் உள்ளவர்களுக்கு உங்கள் பைத்தியம் உங்களோடு முடிவதில்லை என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்த வழியில் சறுக்குகிறவர்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, தனியாகப் போனது போலவே நடந்துகொள்வார்கள். "டார்ச் அடிக்காதே, போனை மூடு, அந்த ஐபீஸை எடு, இதைப் பிடி." ஹெர்ஷெல் 1781-ல் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டுபிடித்தவர். அவர் கண்ணாடி தேய்க்கும்போது கை எடுக்க முடியாதென்று தங்கை கரோலின்தான் சோறு ஊட்டினார். ராத்திரி முழுக்கக் குறிப்பு எழுதியதும் அவர்தான். ஆனால் 1787 முதல் அந்த அம்மாவுக்கு இங்கிலாந்து அரசர் வருஷத்துக்கு ஐம்பது பவுண்ட் சம்பளம் கொடுத்தார். மறு வருஷம் அண்ணன் கல்யாணம் செய்துகொள்ள, கரோலின் வேறு இடத்தில் குடியேறினார். அடுத்த பத்து வருஷ நாட்குறிப்பைப் பின்னாளில் அவரே அழித்துவிட்டார். அதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க வானியல் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் ஏலகிரிக்கு டெலஸ்கோப் போகாது. ஒரு பைனாகுலர், ஒரு பாய், வறுத்த வேர்க்கடலை. நெபுலா, கேலக்ஸி என்று தேடிப் பார்க்கும் ஆழ்வானத்துப் பட்டியல் எல்லாம் வீட்டிலேயே. மனைவிக்கு நெபுலா பிடிக்காது, விண்கல் விழுவது பிடிக்கும். நான் அதற்குத் தக்கபடி நாள் பார்க்கப் பழகிவிட்டேன்.

## ஸ்மார்ட் டெலஸ்கோப்

மாடியில் வைத்துவிட்டு வந்தால் அதுவே தேடி, படமெடுத்து, அடுக்கி, போனுக்கு அனுப்பிவிடும். நகர வெளிச்சத்திலும் நெபுலா நிறத்தோடு வரும். அரை லட்சத்துக்கு மேல் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் உடம்பு ஹாலில், கண் போனில் என்று இரண்டு மணி நேரம் இருப்பீர்கள். மாடியில் இருந்தால் "அப்பா மேல இருக்கார்" என்று விட்டுவிடுவார்கள். ஹாலில் உட்கார்ந்து பதில் சொல்லாமல் இருந்தால் விட மாட்டார்கள். நான் வாங்கவில்லை. நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார்; அவர் மனைவி அதைச் சின்ன வீடு என்கிறார்.

## சில வருஷம் மூடி வைப்பது

பேறுகாலம், முதல் இரண்டு வருஷம், வீட்டில் படுத்த படுக்கையாக யாரேனும் இருக்கும் காலம். அப்போது நிறுத்துவது தோல்வி ஒன்றும் இல்லை. விற்பதுதான் தவறு. பழைய டெலஸ்கோப்புக்குப் பாதி விலை கூடத் தேறாது. மறுபடி வாங்க நினைக்கும்போது பள்ளிக் கட்டணம் முன்னால் நிற்கும்.

மூடி வைத்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் ஐபீஸை அதன் பஞ்சுப் பெட்டியிலேயே ஒரு மழைக்காலம் விட்டால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும், லென்ஸின் மேல்பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வைப்பது. கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள்.

ஒரு பைனாகுலரை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். துணி எடுக்க மாடிக்குப் போகும் ஐந்து நிமிஷம் அதற்குப் போதும். ராத்திரி வேண்டவே வேண்டாம் என்றால் சூரியன் இருக்கிறது. முறையான சோலார் ஃபில்டரை டெலஸ்கோப்பின் முன்பக்கம் மாட்டி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளுக்குச் சூரியப் புள்ளி காட்டலாம். கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கு மேலாக அதைத்தானே செய்கிறார்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு விநாடி கூட வேண்டாம்.

## கேட்ட மூவருக்கும்

தை மாத மாப்பிள்ளைக்கு: விற்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், "எனக்கு ஆர்வம் உண்டு" என்று மொத்தமாக இல்லை, எண்ணிக்கையாக. வருஷத்துக்கு ஆறு சனிக்கிழமை, வாரத்துக்கு இரண்டு விடியல், இவ்வளவு ரூபாய். இருபது கிலோ டெலஸ்கோப் எந்த அறையில் நிற்கும் என்பதையும். மூன்று பேர் இருக்கிற இரண்டு படுக்கையறை வீட்டில் அது பெரிய கேள்வி.

ஒன்றரை வயதுக் குழந்தையின் அப்பாவுக்கு: மலையை ஒரு வருஷம் ஒத்திப் போடுங்கள். விடியலுக்கு மாறுங்கள். குழந்தை நாலு மணிக்கு எழுந்துவிட்டால் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போங்கள். மனைவி இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.

ஆசிரியைக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தவில்லை. விடியற்காலை நாலரைக்கு அவர் வீட்டு அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. முன்னிரவில் எட்டு மணிக்கு அவர் தோசைக்கல் முன்னால் நிற்கிறார். தனியாக மலைக்குப் போவது பேச்சுக்கே இல்லை. அவர் வீட்டில் மறுநாள் காலை என்பது எப்போதுமே அவருடையதுதான். அதை வாங்கிக்கொள்ள இதுவரை யாரும் முன்வரவில்லை. அதனால் வானத்துக்கு நேரம் கேட்காமல் காலையைக் கேட்கச் சொன்னேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, எட்டு மணி வரை அடுப்படி அவர் கணவருடையது. ராத்திரியில் என்ன செய்கிறார் என்பது அப்புறம் அவர் பாடு.

போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். முதல் ஞாயிறு உப்புமா கட்டி கட்டியாக இருந்ததாம். சனிக்கிழமை ராத்திரி மாடியில் ஒரு மணி வரை இருந்தாராம், மேகம்.